சரிவில் இருக்கிறது சம்பத்து

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலை, செஞ்சி நகரைத் தாண்டியதும், ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே புகுந்து செல்கிறது. அப்போது பேருந்தின் ஜன்னலோரத்தில் அமர்ந்திருப்பவர் எந்த ஊர்க்காரராயிருந்தாலும் அண்ணாந்து பார்க்கிறார். உச்சியில் தெரியும் ரங்கநாதர் ஆலயத்தையும், பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டு வளைந்து செல்லும் மதிலையும் கண்டு, இவ்வளவு கல்லை இவ்வளவு உயரத்துக்கு எப்படித்தான் ஏற்றினார்களோ என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்கிறார். அதற்குள் மலை பின்னுக்குப் போய்விடுகிறது. உச்சிக்கும் சாலைக்கும் இடையே, சுமார் 800 அடி உயரத்துக்கு, பாறை இடுக்குகளையெல்லாம் நிரப்பிக்கொண்டு நிற்கும் மரமும் புதரும் கொடியும் கள்ளியும் அவர் கண்ணில் படுவதே இல்லை.

மராட்டியரின் போர்க்கோட்டைகள் என்ற வகையில், 2025 ஜூலையில், யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. அன்றுமுதல் இவ்வூரைப் பற்றி வந்த எழுத்துகளில், 1677-ல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றியது உண்டு. 1690 முதல் 1698 வரை மராட்டிய மன்னர் ராஜாராமும் அவருடைய படையினரும் முகலாயச் சேனாபதி ஜுல்பிகார் கானின் முற்றுகையைத் தாக்குப்பிடித்தது உண்டு. தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும் இல்லாத கட்டுரையே இல்லை. கோட்டை அமைந்த மூன்று மலைகளின்மேல் வளர்வது என்ன, எந்த உயரத்தில் எது வளர்கிறது, அது அங்கே ஏன் வளர்கிறது என்பதைப் பற்றி நான்கு வரி காண்பதோ அரிதாயிருக்கிறது. மலை என்றால் உச்சி என்று எண்ணிப் பழகிவிட்ட மனத்தின் குறை இது; அந்தப் பழக்கம் செஞ்சியோடு நில்லாமல், தமிழ்நாட்டு மலைகள் அனைத்தையும் பற்றிய நம்முடைய சட்டதிட்டங்களிலும் சுற்றுலா ஏற்பாடுகளிலும் படிந்துபோயிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

உயரத்துக்கும் தாவரத்துக்கும் உறவு உண்டு என்பது தமிழருக்குப் புதிய செய்தியல்ல. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று மேலிருந்து கீழாக நிலத்தை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மரமும் பூவும் இன்னவை என்று இலக்கணம் செய்துவைத்தவர்கள் நம் முன்னோர். ஆயினும் அந்த வகுப்பை இறுகிய வேலியாக அவர்களே கொள்ளவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் வரிசையில் மலைப்பூக்களோடு, குளத்துத் தாமரையும் ஆம்பலும், கடற்கரைத் தாழையும் ஞாழலும் கலந்தே வருகின்றன. அதைக் கவியின் சுதந்திரம் என்று சொல்லிவிடலாம். மலைச்சரிவு என்பது பல நிலத்துச் செடிகளும் வந்து சேரும் இடம் என்பதை அறிந்த ஒருவர் பாடியது என்று சொன்னாலும் பிழையில்லை.

ஐரோப்பாவில் இந்த விஷயத்தைச் சாஸ்திரமாக்கிய பெருமையை ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டுக்கு அளிப்பது வழக்கம். போன்ப்லான் என்னும் பிரெஞ்சுத் தாவர அறிஞரோடு ஆண்டீஸ் மலைத்தொடரில் அலைந்து, 1802-ல் சிம்போராசோ சிகரத்தில் ஏற முயன்ற அவர், 1807-ல் அம்மலையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் பெரிய சித்திரம் ஒன்றை வெளியிட்டார். அடிவாரத்து வெப்பக் காட்டிலிருந்து பனிக்கோடு வரையில், எந்த உயரத்தில் எந்தச் செடி என்று பெயர்களையே மலையின் உடம்பெங்கும் எழுதிவைத்த அந்தப் படத்தைப் பார்த்தே, உயரம் ஏற ஏறத் தாவரம் அடுக்கடுக்காக மாறுகிறது என்ற எண்ணம் உலகமெங்கும் பரவிற்று. 210 ஆண்டுகள் கழித்து, 2012-ல், அதே சிம்போராசோவில் ஏறிப் பார்த்த விஞ்ஞானிகள், செடிகள் ஹம்போல்ட் குறித்த எல்லையிலிருந்து சராசரியாக 500 மீட்டருக்கும் மேல் உயர்ந்துவிட்டன என்று அறிவித்தார்கள். ஆனால் 2019-ல் வேறு சிலர் பழைய குறிப்புகளைத் துருவிப் பார்த்தபோது விநோதமான ஓர் உண்மை வெளிப்பட்டது: அந்தப் படத்தில் உயர்ந்த பகுதியில் எழுதப்பட்ட செடிகள் பெரும்பாலும் சிம்போராசோவில் சேகரிக்கப்பட்டவையல்ல, ஆன்டிசானா என்ற வேறொரு மலையில் சேகரிக்கப்பட்டவை. அந்த மலையின் கணக்குப்படி பார்த்தால் ஏற்றம் 215 முதல் 266 மீட்டர் வரைதான். செடிகளைக் கொடுத்தது ஒரு மலை, புகழைக் கொண்டது மற்றொரு சிகரம்! மகா அறிஞருடைய கண்ணையும் மிகப் புகழ்பெற்ற உச்சி தன் பக்கம் இழுத்துக்கொண்டதென்றால், பேருந்துப் பிரயாணியை நாம் குறை கூறுவதற்கில்லை.

உயரத்தின் வேலை முதலில் வெப்பத்தில் தெரிகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அதனோடு மேகம், பனி, காற்றின் வேகம், மண்ணின் ஆழம் எல்லாம் மாறுகின்றன. ஆகையால், பூமத்திய ரேகையிலிருந்து துருவத்தை நோக்கிப் போகும்போது தாவர வகைகள் குறைவதைப்போலவே, அடிவாரத்திலிருந்து உச்சியை நோக்கிப் போகும்போதும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் என்றே நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் எழுதிவந்தார்கள். 1995-ல் டென்மார்க் நாட்டு அறிஞர் கார்ஸ்டன் ராபெக், பல நாடுகளில் பலர் செய்த ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, அந்த விதி பொது விதியல்ல என்று காட்டினார். பெரும்பாலான இடங்களில், உயிரின வகைகளின் எண்ணிக்கை அடிவாரத்திலும் உச்சியிலும் குறைந்து, நடுச்சரிவிலேயே மிகுந்திருந்தது. 2002-ல் வெளிவந்த நேபாள இமயமலைக் கணக்கிலும் பூக்கும் தாவரங்கள் மிகுதியாகக் காணப்பட்டது 1,500 மீட்டருக்கும் 2,500 மீட்டருக்கும் இடையிலேதான். எவரெஸ்டின் நாட்டில் தாவர சம்பத்து அந்தச் சிகரத்துக்கு வெகு கீழே இருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் விவாதம் ஓயவில்லை. கீழ்நாட்டுச் செடிகளின் மேல் எல்லையும் மேல்நாட்டுச் செடிகளின் கீழ் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் நடுச்சரிவு என்பது ஒரு விளக்கம். அடிவாரத்து வறட்சியும் உச்சியின் குளிரும் சேராத, மேகம் வந்து தங்கும் உயரம் அது என்பது இன்னொன்று. அமெரிக்க அறிஞர் ராபர்ட் கால்வெல் முதலியோர் கூறும் மூன்றாவது விளக்கம் சற்று வேடிக்கையானது. அதன்படி இதில் சீதோஷ்ணத்துக்குப் பங்கே வேண்டியதில்லை. இரண்டு முனையும் அடைபட்ட ஒரு தேரோடும் வீதியில், மக்கள் தத்தம் மனம்போலச் சிறிது தூரமும் நெடுந்தூரமும் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யாரையும் யாரும் இழுக்காவிட்டாலும், வீதியின் நடுவில் நிற்பவனைக் கடந்து போகிறவர்களே அதிகமாயிருப்பார்கள். செடிகளுக்கும் மலையடியும் மலையுச்சியும் அத்தகைய இரு முனைகள். இந்தக் கணக்கு எல்லா மலைக்கும் பொருந்தவில்லை. ஆனாலும் நடுப்பகுதி செழிப்பது ஓரளவு வெறும் எல்லைகளின் விளைவே என்பதை மறுக்க முடியவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கதை வேறு விதம். அங்கே மழைக்குப் பஞ்சமில்லாத சரிவுகளில், கீழ்மட்டத்துப் பசுமைமாறாக் காடே மரவகையில் மிகவும் செழித்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பாஸ்கல் 1980-களில் அக்காடுகளை உயரப்படி வகுத்தபோது, சுமார் 700 மீட்டருக்குக் கீழே ஒரு வகை, அதற்குமேல் 1,400 மீட்டர் வரையில் வெடிப்பலாவும் நாங்கும் மிகுந்த வகை, அதற்கும் மேலே குட்டையாய் முறுக்கிக்கொண்டு பாசி போர்த்து நிற்கும் சோலைக்காடு என்று பிரித்தார். ஏற ஏற மரவகைகள் குறைந்தபோதிலும், மேலே இருப்பவை அற்பமானவை அல்ல. நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் செந்நிறமாய்ப் பூக்கும் காட்டுப் பூவரசின் நெருங்கிய உறவினரை இந்தியாவுக்குள் காண வேண்டுமானால் இமயமலைக்குத்தான் போகவேண்டும். இடையிலுள்ள இரண்டாயிரம் கிலோமீட்டர் சமவெளியில் அது கிடையாது. சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய ஒரு வெர்னோனியா மரம் அம்மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. எண்ணிக்கை மிகுந்த இடம் வேறு, அபூர்வம் மிகுந்த இடம் வேறு. எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு, உச்சியைக் கைவிடலாம் என்று எவரேனும் வாதித்தால் அதையும் நான் ஒப்பமாட்டேன்.

நம்முடைய தாவர நூல்களும் உச்சியில் மயங்கியவைதாம். சென்னை ராஜதானிக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த பைசன் துரை 1915-லிருந்து 1920 வரையில் மூன்று பாகங்களாக வெளியிட்ட சிறந்த நூல், நீலகிரி, பழனி மலைகளில் 6,500 அடிக்கு மேற்பட்ட உச்சிப் பிரதேசத்தின் செடிகளைப் பற்றியது. அவருடைய மனைவியார் வரைந்த படங்களின் அழகுக்காகவே அதைப் புரட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் ஏன் 6,500 அடியில் கோடு கிழித்தார் என்று யோசித்தால், அதற்குமேல்தான் வெள்ளைக்காரர்களின் முக்கியமான கோடைவாசஸ்தலங்கள் இருந்தன என்பது விளங்கும். 1932-ல் அவரே விரித்து எழுதிய நூலுக்குத் தென்னிந்திய மலைவாசஸ்தலங்களின் தாவரங்கள் என்றே பெயர் கொடுத்தார். கிழக்குக் கரையை ஒட்டிய வறண்ட மாவட்டங்களுக்கும் அவற்றின் சிறு மலைகளுக்கும் ஒருவர் முறையாகப் பொழுதைச் செலவிட, திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியத்தை 1967-ல் நிறுவிய மாத்யூ பாதிரியார் வரவேண்டியிருந்தது. 1980-களில் வெளிவந்த அவருடைய தமிழ்நாட்டுக் கர்நாடகப் பிரதேசத் தாவர நூலின் தொகுதிகளைத் தூக்கிப் பார்த்தவர்கள், வறண்ட பூமி என்று நாம் அலட்சியம் செய்யும் இப்பகுதியில் எத்தனை வகைச் செடிகள் உள்ளன என்பதை அவற்றின் கனத்திலிருந்தே அறிவார்கள்.

இனிச் செஞ்சிக்கு வருவோம். ராஜகிரியின் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர். மேலே சொன்ன விகிதப்படி, அத்தனை படிகளையும் மூச்சு வாங்க ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே பாறைப் பிளவின்மேல் போட்ட பாலத்தையும் கடந்து சென்றவருக்குக் கிடைக்கும் குளிர்ச்சி ஏறக்குறைய ஒன்றரை டிகிரிதான். இத்தனை சிறிய வேற்றுமை தாவரத்தை மட்டம் மட்டமாகப் பிரித்துவிடப் போதாது. ஆகவே ஹம்போல்ட்டின் அடுக்குகளை இங்கே தேடுகிறவர் ஏமாந்து போவார். ஆயினும் ஒரே மலையில் அடிக்கு அடி தாவரம் மாறுகிறது. இங்கே அதை மாற்றுவது பெரும்பாலும் தண்ணீர்.

படிக்கட்டுக்கு ஓரத்தில், ஆளுயரத்துக்கு மேற்பட்ட இரண்டு உருண்டைப் பாறைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடங்கள் பல உண்டு. வெயில் நாள் முழுவதும் விழும் பாறையின் முதுகில், கறுத்த கோடுகளாகப் படிந்த நுண்ணிய பாசியைத் தவிர வேறொன்றும் இராது. அதே பாறையின் விளிம்பில் விரற்கடை மண் சேர்ந்த இடத்தில் பிரண்டையும் கொடிக்கள்ளியும் தொங்கும். இரண்டு பாறைக்கும் இடையில், மழைநீர் வழிந்து இறங்கும் பிளவில், கல்லிச்சி தன் வேரைப் பாறையின் முகத்தோடு தட்டையாகப் படியவிட்டு, உள்ளே போக வழி கிடைத்த இடத்தில் இறக்கி, கோடையிலும் வாடாத இலையோடு நிற்கும். அதன் நிழலில் உதிர்ந்த சருகு மக்கி மண்ணாகிறது. அந்த மண்ணில் பறவையின் எச்சத்தோடு வந்து விழுந்த களாவும் காட்டு நாரத்தையும் முளைக்கின்றன. ஐப்பசி மழை பெய்தவுடன், பாறைத்தளத்தின் ஆழமற்ற குழிகளில் தண்ணீர் தேங்கி, விரல் நீளம்கூட இல்லாத பூண்டுகளும் புற்களும் முளைத்து, பூத்து, காய்த்து, குழி காயுமுன்னே விதையைப் போட்டுவிட்டு மடிந்துபோகின்றன. மாசி மாதத்தில் அதே இடத்தைப் பார்ப்பவர் அங்கே ஒன்றுமே இல்லையென்று சத்தியம் செய்வார். பத்தடி சுற்றளவுக்குள் ஒரு பாலைவனமும், ஒரு பருவகாலப் புல்வெளியும், ஒரு சிறு பசுங்காடும் அமைந்திருக்கின்றன. நீலகிரியில் ஆயிரம் மீட்டர் ஏறிக் காணவேண்டிய மாறுதலை இந்த மலை பத்தடிக்குள் காட்டிவிடுகிறது என்றால் சற்று மிகைதான், முற்றும் பொய்யல்ல.

சரிவின் திசையும் கவனிக்கத்தக்கது. இப்பிரதேசத்தின் மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் வருவது. அந்த மழைக்கேற்ற காடு ஒன்று சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் இருந்தது. வீரை, காயா, உலக்கைப் பாலை முதலிய குட்டை மரங்கள், தடித்துப் பளபளக்கும் சிறிய இலைகளோடு, ஆறேழு மாத வறட்சியிலும் பசுமை மாறாமல் நிற்கும் காடு அது. 1968-ல் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது அதற்கென்றே ஒரு தனி வகுப்பு ஒதுக்கினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிலையத்தைச் சேர்ந்த மேஹர் ஹோம்ஜி, கோடையில் இலையுதிர்க்க வேண்டிய நாட்டில் இவை ஏன் உதிர்ப்பதில்லை என்ற கேள்வியை நெடுங்காலம் ஆராய்ந்தார். செஞ்சி மலைகளில் நிழலும் ஈரமும் கிடைக்கும் மடிப்புகளில் இந்தக் காட்டின் மரங்கள் தங்கியிருக்கின்றன. பிற்பகல் வெயிலில் காயும் பக்கங்களிலோ கோடையில் இலையுதிர்த்துக் குச்சியாய் நிற்கும் புரசும் தணக்கும், நெருப்புக்கும் ஆட்டுக்கும் அஞ்சாத விராலியும் சதுரக்கள்ளியுமே ஆட்சி செய்கின்றன.

பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்லும்போது இடையில் ஒரு வார்த்தை. 1750 முதல் 1761 வரை இக்கோட்டை அவர்கள் வசம் இருந்தது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் அழகிய கற்றூண்கள் செஞ்சியிலிருந்து எடுத்துப்போனவை என்பார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1955-ல் அவர்கள் அந்த நகரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் தென்னிந்தியக் காடுகளைப் படமெழுதித் தந்தது. தூண்களுக்கு அது ஈடாகுமா என்பதைச் செஞ்சிக்காரர்கள்தாம் சொல்லவேண்டும்.

நடுச்சரிவு செழித்து அடிவாரம் வறண்டிருப்பது தமிழ்நாட்டின் கிழக்கு மலைகளில் எங்கும் காணும் காட்சி. கொல்லிமலைக்குப் போகிறவர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடப்பதற்குள், அடியில் முட்புதரும், இடையில் இலையுதிர் காடும், மேலே மிளகுக்கொடி படரும் பசுங்காடும் மாறிமாறி வருவதைக் காண்கிறார். ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே வரிசை. உயரத்தின் விதி இது என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அடிவாரம் இயற்கையாகவே ஏழையா, அல்லது நாம் அதை ஏழையாக்கினோமா? விறகு, தழை, ஆடு மாடு, கரிச்சூளை, சுண்ணாம்புக் காளவாய், ஆண்டுதோறும் வைக்கும் தீ, இப்போது கல்குவாரி என்று மனிதன் மலையைத் தொடுவது கீழிருந்துதான். கொல்லிமலைக் காடுகளைப் பற்றிப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் 2000-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, மனித நடமாட்டம் மிகுந்த காடுகளில் மரவகைகள் குறைந்துபோயிருப்பதை எடுத்துக்காட்டிற்று. அது மேட்டு நிலத்துச் சோலைகளின் நிலை. அடிவாரத்தைக் கணக்கெடுக்க எவரும் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கிருந்த வரவுசெலவு முடிந்துவிட்டது.

செஞ்சியில் அந்த வரவுசெலவு எப்படி நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. மூன்று மலைகளை வளைத்து 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் எழுப்பியவர்களுக்குச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பு வேகவைக்க விறகு வேண்டும். எட்டாண்டு முற்றுகையில் உள்ளே இருந்த படைக்கும் வெளியே இருந்த படைக்கும் அடுப்பெரியவேண்டும், குதிரைக்கும் யானைக்கும் தழை வேண்டும். மதிலுக்கருகில் பகைவன் ஒளிந்துகொள்ள மரத்தை வளரவிடுவது எந்தக் கோட்டைத் தளபதியும் செய்யும் காரியமல்ல. ஆகவே இன்று நாம் காணும் பசுமையை ஆதிகாலத்து வனமென்று கொள்ளக்கூடாது. கோட்டை ஓய்ந்தபின், எட்டாத பாறை மடிப்புகளில் தப்பிப் பிழைத்த மரங்களின் விதைகளிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பி வந்தது இது என்று கொள்வதே பொருத்தம்.

அடிவாரமும் சமவெளியும் இயற்கையில் ஏழையல்ல என்பதற்கு இதே விழுப்புரம் மாவட்டத்தில் சாட்சி உண்டு. கடற்கரைச் சாலையருகே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோவிலைச் சூழ்ந்த காடு, கடல்மட்டத்துக்கு ஒட்டிய உயரத்திலேயே, உள்ளே நுழைந்தால் வெயில் தெரியாதபடி அடர்ந்து நிற்கிறது. அய்யனாருக்குப் பயந்து யாரும் அங்கே கத்தி வைக்கவில்லை, காரணம் அவ்வளவே. அந்த அளவு பயம் நம்முடைய மலையடிவாரங்களுக்கும் கிடைத்திருந்தால், அறிஞர்கள் வரையும் உயரக்கோட்டில் நடுவயிறு இவ்வளவு புடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

இப்போது செய்யவேண்டியதென்ன? உலகப் பட்டியலில் இடம் கிடைத்த பின் செஞ்சிக்கு வருவோர் பெருகுவார்கள். பாதைகள் அகலமாகும், விளக்குகள் வரும், புல்தரைகள் போடப்படும். கோட்டையைப் பராமரிக்கும் இந்தியத் தொல்லியல் துறையினர் மதிலிடுக்கில் முளைக்கும் அரசையும் ஆலையும் வேரோடு களைவது நியாயமே. அவற்றை விட்டுவைத்தால் சுவர் பிளக்கும். ஆனால் மதிலுக்குச் செய்யவேண்டிய வைத்தியத்தைச் சரிவுக்கும் செய்வது கூடாது. பார்வைக்குத் துப்புரவாக இருக்கவேண்டுமென்று படியோரத்துப் புதரை வெட்டுகிற கை, வீரைக்கன்றையும் சீமைக்கருவேலையும் ஒன்றாகவே வெட்டுகிறது. பிறகு அந்த வெற்றிடத்தில் முதலில் வருவது உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும்தான். வீரை வருவதற்கு ஒரு தலைமுறை ஆகும். எதை வெட்டலாம், எதை விடவேண்டும் என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தேனுக்கும் மூலிகைக்குமாக இம்மலைகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த இருளர் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல. அவர்களைக் காட்டுக்குள் நுழைந்த குற்றத்துக்காக மட்டும் அடையாளம் காணும் வழக்கத்தை விட்டு, தகுந்த ஊதியம் கொடுத்து இந்த வேலைக்கு அமர்த்துவது துறைக்கு அவமானமல்ல.

அதற்கு முன்னால் ஒரு கணக்கு வேண்டும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளிலும் அடிவாரம், இடைச்சரிவு, உச்சி என்று மூன்று மட்டங்களில், நான்கு திசைகளிலும், பாறைமுகம், பிளவு, சுனையோரம் என்று இடம் பிரித்து, என்னென்ன வளர்கின்றன என்று எழுதவேண்டும். அதே முறையில் அருகேயுள்ள பக்கமலைக் காப்புக்காட்டையும் எழுதினால், மூன்று குன்றுகளில் தப்பியிருப்பது எது, காணாமற்போனது எது என்பது தெரிந்துவிடும். காணாமற்போனவற்றுக்கு விதை எடுக்க வேண்டிய இடமும் அதுவே. இவ்வட்டாரத்துக் கல்லூரிகளில் தாவரவியல் படிக்கும் மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த செய்முறைப் பாடம் கிடையாது. செலவு மிகுந்த காரியமுமல்ல. கோட்டைச் சுவரில் ஒரு பக்கம் பூசும் பணத்தில் முடிந்துவிடும்.

வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் இக்கணக்குக்கு மற்றோர் அவசியமும் உண்டு. ஆண்டீஸ் மலையில் செடிகள் இருநூறு மீட்டருக்குமேல் ஏறிப்போனதைப் பார்த்தோம். அங்கே ஏறுவதற்கு மலை இருந்தது. செஞ்சிக் குன்றின் மொத்த உயரமே அவ்வளவுதான். இங்குள்ள செடிக்கு மேலே போக வழியில்லை; நிழல் மடிப்பிலிருந்து மற்றொரு நிழல் மடிப்புக்கு, ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் போகலாம். அதற்கு இடையிலுள்ள நிலம் திறந்திருக்கவேண்டும். குன்றுகளுக்கு நடுவே உள்ள சிறு பாறைமேடுகளைக் கல்குவாரிக்குக் குத்தகை விடும்போது, அரசின் ஏட்டில் அவை பயனற்ற புறம்போக்கு என்று பதிவாகின்றன. பறவைகளின் ஏட்டில் அவை விதை இறக்கும் நிலையங்கள். திருவண்ணாமலையில் மொட்டையாய்க் கிடந்த 814 மீட்டர் மலையில் 1980-களின் பிற்பகுதி தொட்டு அன்பர்கள் கன்று நட்டுத் தீயணைத்துப் பாடுபட்டு ஓரளவு பசுமையை மீட்டிருக்கிறார்கள். அந்தப் பிரயாசையில் பாதி, விதைக்குத் தாய்மரம் தேடி அலைந்ததிலேயே கழிந்திருக்கும். செஞ்சியில் தாய்மரங்கள் இன்னும் நிற்கின்றன.

கோட்டைக்கான நிர்வாகத் திட்டம் இனித் திருத்தப்படும்போது, தொல்லியல் துறையும் வனத்துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, மதிலுக்கு உட்பட்ட சரிவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பாறைக்குன்றுகளையும் அந்தத் திட்டத்தில் சேர்க்கவேண்டும். குவாரிக் குத்தகைகளை அதுவரையில் புதுப்பிக்கலாகாது. கணக்கெடுப்பை வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் செய்யவேண்டும். அதிகாரிகளுக்கு வசதியான பங்குனியில் மலையேறினால் பாறைக்குழிச் செடிகளில் ஒன்றுகூடக் கணக்கில் வராது.